விட்டுப்போன வரி

தெருவில் அவளுக்கு ஜிப் அக்கா என்று பெயர். பையோ பேண்டோ, எப்பேர்ப்பட்ட ஜிப்பும் அவள் தையல் மெஷினுக்கு வந்துவிட்டால் ஒழுங்காக வாயை மூடிக்கொண்டுதான் வெளியே போகும். வீட்டுக்காரரை வாய் திறக்க வைக்கத்தான் அவளுக்கு வழி தெரியவில்லை.

அவர் பஸ் கண்டக்டர். இருபத்தெட்டு வருஷம் கத்தியே பிழைத்த மனுஷன். சர்ச்சில் வேதம் வாசிக்க அவர் எழுந்தால் மைக்கை ஆஃப் பண்ணிவிடுவார்கள். பஸ்ஸில் கம்பியைத் தட்டும் பழக்கம் வீட்டிலும் தொடர்ந்தது. ஒரு தட்டு என்றால் நில்லு, இரண்டு என்றால் போகலாம். ஞாயிற்றுக்கிழமை அவள் தலை சீவி முடிப்பதற்குள் கதவில் இரண்டு தட்டு விழும். "வீட்டையும் பஸ்ஸாக்கிட்டீங்களா?" என்று எரிந்து விழுவாள்.

பதினொரு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயின. இடது கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். அதையும் அவர் மடியில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

அவள் விட்டாளா? காலையில் கைகால் நீவிவிடுவாள். மத்தியானம் படம் போட்ட அட்டைகளைப் பரப்பிச் சீப்பு எது, சாவி எது என்று தொண்டை வற்றக் கேட்பாள். சாயங்காலம், அவருடைய வேதபுத்தகத்தை எடுத்து, எழுத்துக்கூட்டி சங்கீதத்திலிருந்து ஒரு துதிப்பாட்டு வாசிப்பாள். எல்லாவற்றுக்கும் சுவர்தான் பதில்.

அந்தச் சனிக்கிழமை, பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் அட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டாள்.

"அக்கா, மறைக்காம சொல்றேன். நாம பேசறது அவருக்குப் புரியுதான்னே தெரியலை. அடுத்த வாரத்தோட நிறுத்திக்கலாம்."

"நான் யாருன்னாவது தெரியுமா அவருக்கு?"

அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு, "அதையும் என்னால சொல்ல முடியலைக்கா" என்றாள்.

போன வாரம் போதகர் வந்து, சோர்ந்து போகாதீங்கம்மா என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போயிருந்தார். சொல்கிறவருக்கு என்ன, நோகாத வாய். அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. 'ஆண்டவரே, உமக்காவது காது கேக்குதா?' என்று மனதுக்குள் சண்டை போட்டபடியே மாலையில் புத்தகத்தைத் திறந்தாள்.

வந்து வாய்த்ததும் இருபத்தாறு வசனச் சங்கீதம். ஒவ்வொரு வசனமும் ஆண்டவருடைய கிருபையைச் சொல்லும் அதே வரியில்தான் முடியும். மூன்று வசனம் முழுசாக வாசித்தாள். இருபத்தாறு தடவை சொல்ல யாருக்கு மூச்சு இருக்கிறது, கடவுளுக்குத் தெரியாததா என்று, நாலாவதிலிருந்து அந்த வரியை விழுங்கினாள்.

டக்.

நாற்காலியின் மரக்கையில் அவருடைய இடது கை இருந்தது. தற்செயலாக இருக்கும் என்று அடுத்த வசனத்துக்குப் போனாள். அதிலும் அந்த வரியை விட்டாள். டக். ஆறாவது வசனத்தை வரியோடு முழுசாக வாசித்துப் பார்த்தாள். கை அசையவில்லை. ஏழாவதில் வரியை வேண்டுமென்றே விட்டாள்.

டக்.

"அடப்பாவி மனுஷா, இத்தனை நாளும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சீப்பு அட்டையை எடுத்துக் காட்டினாள், அதற்கும் சுவர்தான். அவர் எழுந்து நடக்கப்போவதில்லை, நாளைக்கும் அதே நீவலும் அதே அட்டைகளும்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பதினொரு மாதம் வாசித்தது வீண்போகவில்லை, ஒரு வரியைக்கூட அவர் தவறவிடவில்லை. ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. புத்தகத்தை மடியில் கவிழ்த்து, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எவ்வளவு நேரம் அழுதாளோ.

மரக்கையில் இரண்டு தட்டு விழுந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, போறேன்" என்று புத்தகத்தை நிமிர்த்தி, எட்டாவது வசனத்தை வாசித்தாள்.