காய்ச்சல் இல்லை, சூடு

காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்து சமையலறைக்கு வந்தேன். முதலில் கண்ணில் பட்டவை அக்காவின் உள்ளங்கால்கள். சுவரில் சாய்ந்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். பாதத்தில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலின் மூடி மேலே அடுப்பு மேடையில் கிடந்தது. அதை எடுத்து மூட மறுபடியும் எழுந்திருக்க அவளால் முடியவில்லை.

"என்னக்கா இது?"

"சூடுடி. நேத்து சாயங்காலத்துலேருந்தே. வயித்துக்குள்ள அடுப்பு வெச்ச மாதிரி இருக்கு."

நான்காவது தவணை மருந்து ஏறி அன்றைக்குப் பத்தாவது நாள்.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. என்னைவிட நான்கு வயது மூத்தவள். மண்ணச்சநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள், அத்தான் இறந்தபின் அங்கே தனியாக இருந்தாள். இடது மார்பில் இருந்தது புற்றுநோய்தான் என்று உறுதியாகி, அறுவை முடிந்து, கீமோ தொடங்கியபோது ஸ்ரீரங்கத்தில் என் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்தேன். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் மருத்துவமனை. மூன்று வாரத்துக்கு ஒரு தவணை, மொத்தம் ஆறு. நாள் தள்ளாமல் ஆறையும் முடித்துவிட வேண்டும் என்பதில் டாக்டர் கண்டிப்பாக இருந்தார். "நடுவுல விட்டா அது மூச்சு வாங்கிக்கும்" என்பார். 'அது' என்றுதான் எப்போதும் சொல்வார்.

வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்வது அந்த மருந்தின் வேலை. புற்றுநோய் செல் வேகமாகப் பெருகும். முடியின் வேர், வாயின் உள்தோல், குடலின் உட்சுவர், ரத்தம் உண்டாகும் எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் செல்களும் அப்படித்தான். மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. அடிபட்ட நல்ல செல்கள் மீண்டு வருவதற்காகத்தான் மூன்று வார இடைவெளி. அதற்குள் 'அது' முழுதாக மீண்டுவிடக் கூடாது. அந்தக் கணக்கில்தான் சிகிச்சையே நடக்கிறது.

மருந்து சிவப்பாக இருக்கும். முதல் தவணையிலேயே அக்கா அதற்கு ரோஸ்மில்க் என்று பெயர் வைத்துவிட்டாள். "ஐஸ் போடலம்மா, பரவாயில்லையா?" என்று நர்ஸும் சேர்ந்துகொண்டார். மறுநாள் வரை சிறுநீரும் அதே நிறத்தில் போகும். மூன்றாம் நாள் குமட்டல் தொடங்கும். அரிசி ஆலைகளுக்கு நடுவே, நெல் அவியும் வாசனையில் முப்பத்தைந்து வருடம் குடித்தனம் செய்தவள், குக்கரில் சோறு வேகும்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் இரும்பாய்க் கசந்தது. முடி இரண்டாம் தவணைக்கு முன்பே போய்விட்டது. வாய்ப்புண் வந்து ஆறுவதற்குள் அடுத்தது வந்தது. பல் துலக்கிவிட்டு வந்து படுப்பாள். குளித்துவிட்டு வந்து படுப்பாள். சாப்பிட்டதற்கும் ஒரு படுக்கை வேண்டியிருந்தது. அவள் படுக்கும்போதெல்லாம் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க எனக்கும் நேரமாயிற்று.

இவை எல்லாவற்றுக்கும் அக்காவிடம் ஒரே சொல்தான்: சூடு. வாய்ப்புண், நீர்க்கடுப்பு, முடி கொட்டுவது, தூக்கம் வராதது. எங்கள் பக்கத்தில் உடம்புச் சூட்டுக்குச் சொல்லும் அடையாளங்கள் இவைதான். மருத்துவமனையில் தந்த தாளில் கீமோவின் பக்கவிளைவுகள் என்று அச்சடித்திருந்தவையும் கிட்டத்தட்ட இவைதான். அக்கா அந்தத் தாளைப் படித்துவிட்டு, "நான் சொன்னதத்தான் இங்கிலீஷ் மருந்துக்காரனும் சொல்றான்" என்றாள். காத்திருக்கும் கூடத்திலும் அதே பேச்சு. சீரகத் தண்ணீர் கேட்குமா, வெந்தயம் கேட்குமா என்பதில்தான் அங்கே கருத்து வேறுபாடு.

தாளின் கீழ்ப்பகுதியில் தடித்த எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகக் குறைவாக இருக்கும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் எந்த நேரமானாலும் உடனே வரவும்.

முந்தின நாள் மாலை அக்கா சூடு என்றபோது இளநீர் வெட்டி வாங்கி வந்தேன். வெந்தயம் ஊறப்போட்டேன். பத்திரிகை அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவள் நான். ஒருவர் சொன்னால் அது அவர் சொன்னது மட்டுமே, சரிபார்த்த பிறகுதான் செய்தி. தெர்மாமீட்டர் ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. நான் எடுக்கவில்லை. அன்று களைப்பாக இருந்தது.

காலையில் எடுத்தேன். 101.8.

"ஜுரம்கா."

"உள்ள சூடு இருந்தா மிஷின் காட்டத்தானே செய்யும்."

"எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"காய்ச்சல்னாதானே வரச் சொல்லியிருக்கான்? எண்ணெய் ஊறட்டும், எறங்கிடும். மொட்டத் தலையோட காலங்காத்தால எதுக்குடி ஊர்வலம்?"

சொல்லி முடிப்பதற்குள் பற்கள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. அதன்பிறகு அவள் மறுக்கவில்லை. எண்ணெய்க் காலோடு அவள் ஆட்டோவில் ஏறினாள். அம்மா மண்டபம் சாலையில் பூக்கடைகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். பாலத்தில் பால் வண்டிக்குப் பின்னால் மெதுவாகப் போனோம். அவள் கையை என் மடியில் வைத்திருந்தேன். புடவையைத் தாண்டி என் தொடையில் அந்த வெப்பம் தெரிந்தது.

அவசரப் பிரிவில் நர்ஸ் கேட்டார். "காய்ச்சல் எப்பலேருந்தும்மா?"

"காய்ச்சல் இல்லீங்க, சூடு."

"சூடு எப்பலேருந்து?"

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும்."

நர்ஸ் எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். காய்ச்சல், பதினான்கு மணி நேரம் என்று எழுதியிருந்தார்.

இரண்டு கைகளிலும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருமுன்பே ஆன்டிபயாடிக் ஏறத் தொடங்கியது. வெள்ளை அணுக்கள் அநேகமாக இல்லை என்று பிறகு தெரிந்தது. சாதாரணமாக வாயிலும் குடலிலும் நம்மோடு குடியிருக்கும் கிருமிகளே போதும், ரத்தத்தில் கலந்தால் ஒரே நாளில் ஆளைக் கொண்டுபோய்விடும் என்றார் டாக்டர். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. "இன்னிக்கு முழுக்கப் பாத்துதான் சொல்ல முடியும். நேத்தே வந்திருக்கணும் நீங்க." அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மதியம் வரை அக்கா கண் திறக்கவில்லை. திரையில் ரத்த அழுத்தத்தின் மேல் எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 84, 82, 86. இரண்டரை மணிக்கு 98. நான்கு மணிக்கு அக்கா கேட்டாள். "காப்பி குடிச்சியாடி?"

"இல்ல."

"போய்க் குடி. மூஞ்சியப் பாரு. எனக்குச் சூடுன்னா நீ ஏன் ஆறிப்போயிக் கெடக்க?"

ஐந்து நாள் உள்ளே இருந்தோம். வெள்ளை அணுவைக் கூட்ட தினமும் ஓர் ஊசி. அது எலும்பைக் குடைகிறது என்றாள். அதைச் சூடு என்று சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் புதிதாக ஒரு தாள் கொடுத்தார். 'காய்ச்சல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'சூடு' என்று பேனாவால் எழுதிச் சேர்த்திருந்தார்.

"எல்லாருக்கும் எழுதுவீங்களா?" என்று கேட்டேன்.

"இந்தம்மாவுக்கு மட்டும்தான். இனிமே எல்லாருக்கும் எழுதணும் போலருக்கு" என்றார்.

"அச்சுல போட்டுடுங்க. எந்தங்கச்சி பிழை பாத்துக் குடுப்பா. சாவகாசமா மறுநாள் காலையில பாப்பா" என்றாள் அக்கா.

ஐந்தாவது தவணை ஒன்பது நாள் தள்ளி, ஒரு புதன்கிழமை ஏற்றப்பட்டது. மருந்தின் அளவைக் குறைத்திருந்தார்கள்.