‘ஓட்டலிலிருந்து வந்த’ கிரேவி

இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ இருக்கும். ஒரகடம் பக்கம் வயலுக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொழிற்சாலைக் கூரைகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். எங்கள் நிலமும் அப்படித்தான் போனது. வீட்டுக்காரர் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். நான் பிள்ளைப்பாக்கத்திலிருந்து தினமும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், வேறொரு கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்த்தேன்.

கம்பெனியின் நம்மூர் அதிகாரிகள் மூன்று பேர் மதியச் சாப்பாட்டுக்கு அங்கேதான் வருவார்கள். "வத்தக்குழம்பு இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?" என்று சமையலறைக்கே வந்து சட்டியை எட்டிப் பார்க்கிறவர்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் மிஷின் மாட்டிக் கொடுக்க ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வந்து தங்கினார். ஐம்பது வயது இருக்கும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘குட்’, ‘நோ’, ‘ஹாட்’ அவ்வளவுதான். அவர் என்னை ‘மேடம்’ என்பார். அதுவரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதல் தடவை வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மனிதர் பாவம், காரம் ஆகாமல் ரொட்டியும் முட்டையுமாகவே காலத்தை ஓட்டினார். இரண்டு மாதத்தில் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. ஒரு சனிக்கிழமை காகிதத்தில் ஒரு பன்றியை வரைந்து, அதன் பின்னங்காலை வட்டம் போட்டு, மூலையில் இருந்த ஓவனைக் காட்டினார். கட்டடம் கட்டும்போதே வாங்கி வைத்த பெரிய ஓவன் அது. அதில் நாங்கள் அப்பளக் கட்டும் தீப்பெட்டியும் வைத்திருந்தோம். எலி எட்டாது, அதுதான் அதனால் எங்களுக்கு இருந்த ஒரே உபயோகம்.

எங்கள் தெருவில் ‘பன்னி’ என்பது வசவு. அதைச் சமைப்பதா என்று இருந்தது. கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொண்ட அட்மின் ஆபீசரிடம் ஓடினேன். அவர் முடியாது என்று சொல்லிவிடுவார் என்று நம்பினேன்.

"இந்தக் கிச்சன்ல வேணாம்மா, நம்ம ஆளுங்களும் இங்க சாப்பிடுறாங்க. ஓவனைத் தூக்கிட்டுப் போயி பின்னால ஜெனரேட்டர் ரூம் பக்கத்துல இருக்கே, அந்த ரூம்ல வச்சுக்கோ. பாத்திரம், கரண்டி, கத்தி எல்லாம் தனி. அவர் கையெழுத்துப் போட்டாத்தான் மிஷின் ஓடும், முடியாதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

சரி என்றேன். வேலை வேண்டுமே. வீட்டில் கேட்டதற்கு, வெள்ளைக்காரருக்குக் கோழி சுட்டுத் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் அவரே சென்னைக்குப் போய் ஐஸ் பெட்டியில் கறி வாங்கி வந்தார். தோலோடு ஒரு முழுத் தொடை. நான் முந்தானையை மூக்கோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு நின்றேன். தோலைக் கத்தியால் கோடு கோடாகக் கீறி, கீறல் உள்ளே போகும்படி உப்பைத் தேய்த்து, டிரேயில் வெங்காயமும் கேரட்டும் பரப்பி, அதன் மேல் கறியை வைத்து ஓவனுக்குள் தள்ளச் சொன்னார். மிளகாய் இல்லை, மசாலா இல்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் என் மூக்கில் முந்தானை இல்லை. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அவ்வளவு நல்ல வாசனை.

மூன்று மணி நேரத்தில் தோல் பொரிந்து, தட்டினால் சத்தம் கேட்டது. கறியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு அவர் குளிக்கப் போனார். நான் டிரேயைப் பார்த்தேன். எனக்கு உயிரே போய்விட்டது. அடிமுழுக்கப் பழுப்பும் கறுப்புமாக அப்பிப் பிடித்திருந்தது.

சமைக்கிற பெண்களுக்கு நான் சொல்வது புரியும். உப்பு கூடலாம், புளி குறையலாம். ஆனால் ‘அடிப்பிடிக்கவிட்டவள்’ என்று பெயர் வாங்கக் கூடாது. அவர் திரும்பி வருவதற்குள் டிரேயில் சுடுதண்ணீரை ஊற்றி ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்கு விளக்கிக் கவிழ்த்துவிட்டேன். அவர் ‘கிரேவி, கிரேவி’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாரே என்று, வெங்காயம் தக்காளி வதக்கி, தேங்காய் அரைத்து ஊற்றி, பரோட்டாக் கடையில் தருகிற மாதிரி ஒரு கிரேவியும் செய்து வைத்தேன்.

அவர் வந்தார். டிரேயைத் தேடினார். நான் பெருமையாக எடுத்துக் காட்டினேன். மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். விளக்கிய டிரேயின் அடியைத் தட்டித் தட்டி, ‘மேடம், கிரேவி! கிரேவி!’ என்றார். என் தேங்காய்க் கிரேவியைத் தொட்டுக்கொண்டு, காரத்தில் கண்ணில் நீர் வழிய, குறை சொல்லாமல் சாப்பிட்டு முடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு விளங்கியது. அடிப்பிடித்ததுதான் கிரேவியே! மேலே மிதக்கிற கொழுப்பை வழித்து எடுத்துவிட்டு, டிரேயை அப்படியே அடுப்பில் வைத்து, ஒரு கரண்டி மைதாவைத் தூவி, உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மரக் கரண்டியால் அடியைச் சுரண்டச் சுரண்ட, அந்தக் கறை எல்லாம் கரைந்து பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு குழம்பு. வடிகட்டினால் முடிந்தது. நாம் வெட்கப்பட்டு ஒளிக்கிறதை இவர்கள் மேஜைக்கு நடுவில் வைக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். அதற்கு மேல் அந்த விஷயத்தை என்னிடம் கேட்காதீர்கள்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அதுதான். அவர் சொல்லாமலே நானே செய்யப் பழகிவிட்டேன்.

இரண்டு மாதம் போனது. மிஷின் ஓடத் தொடங்கியது. அவருடைய நாட்டிலிருந்து பெரிய ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். கம்பெனித் தலைமை ஆபீஸிலிருந்து நம்மவர் ஒரு பெரிய அதிகாரி, தினமும் சாப்பிட வரும் அந்த மூன்று பேர், எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்து. மேடம் செய்கிற கறிதான் வேண்டும் என்று வெள்ளைக்காரர் ஒற்றைக்காலில் நின்றாராம். நான் விடியற்காலையிலேயே போய் ஓவனைப் பற்றவைத்தேன். இரண்டு தொடைக்கறி, இரண்டு டிரே, மேல் தட்டில் ஒன்று, கீழ்த் தட்டில் ஒன்று.

முதல் கறி தயாரானதும் அட்மின் ஆபீசர் வெள்ளிக் காகிதப் பெட்டிகளோடு வந்தார். ஓட்டலில் பார்சல் கட்டித் தருவார்களே, அந்த மாதிரி. கறியைத் துண்டு போட்டு அதில் அடுக்கச் சொன்னார், கிரேவியையும் அப்படியே ஒரு பெட்டியில் ஊற்றச் சொன்னார். சூடு ஆறாமல் இருக்க என்று நினைத்தேன். "நீ வெளிய வராதம்மா, நானே எடுத்துட்டுப் போறேன்" என்றார். எனக்கு வேலை குறைந்தது என்று சந்தோஷப்பட்டேன். எவ்வளவு அப்பாவி பாருங்கள்.

அவர் உருளைக்கிழங்கை மறந்துவிட்டுப் போய்விட்டார். அதை எடுத்துக்கொண்டு நான் சாப்பாட்டு ஹாலின் பின்கதவுக்குப் போனேன். திரைக்குப் பின்னால் நின்றபோது பெரிய அதிகாரியின் குரல் கேட்டது.

"பிரமாதமா இருக்கே! இந்த ஊர்ல போர்க் ரோஸ்ட்டெல்லாம் யாருய்யா பண்றாங்க?"

"இங்க யாரு சார் பண்ணுவாங்க? மெட்ராஸ்ல ஸ்டார் ஓட்டல். ஸ்பெஷலாச் சொல்லி வரவழைச்சேன்" என்றார் அட்மின் ஆபீசர்.

"அதானே பாத்தேன்! ஓட்டல் டேஸ்ட்டே தனி" என்றார் தினம் என் வத்தக்குழம்பைச் சாப்பிடுகிற ஒருவர்.

"அந்தக் கிரேவி இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

"ஸாரி சார், ஓட்டல்ல அவ்வளவுதான் குடுத்தாங்க."

மேஜையின் அந்தக் கோடியில் வெள்ளைக்காரர் தன் ஊர் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். தமிழில் நடந்த இந்தக் கூத்து அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. விடியற்காலையிலிருந்து அனலில் நின்றவள் நான். கை முழுக்கச் சூட்டுக் காயம். என்னைப் பாராட்டக்கூட வேண்டாம். பெயர் சொல்லாமல் விட்டிருந்தால் போகிறது என்றிருப்பேன். நான் செய்ததை என் காதுபடவே இன்னொருவன் செய்ததாகச் சொன்னால் எப்படிப் பொறுப்பது?

திரும்பிப் போனேன். இரண்டாவது கறி அப்போதுதான் வெளியே வந்து ஆறிக்கொண்டிருந்தது. அதன் டிரேயை அடுப்பில் வைத்தேன். கொழுப்பை வழித்தேன், மைதாவைத் தூவினேன், தண்ணீரை ஊற்றினேன், இருந்த கோபத்தை எல்லாம் கரண்டியில் காட்டிச் சுரண்டினேன். வடிகட்டவும் இல்லை. கொதிக்கிற டிரேயை இரண்டு துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நேராக ஹாலுக்குள் போய் மேஜை நடுவில் வைத்தேன்.

"ஓட்டல்லதான் சார் தீந்துபோச்சு. இங்க நெறைய கீது. நான்தான் செஞ்சேன், அந்தக் கறியும் நான்தான் செஞ்சேன்" என்றேன்.

வெள்ளைக்காரர் எழுந்து, "மேடம்! மேடம் குக்!" என்று கை தட்டினார். அவர் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நம்மவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. ‘ஓட்டல் டேஸ்ட்டே தனி’ என்றவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ... சாம்பாரும் நீதானே வைக்கிற?" என்றார்.

"சாம்பார் வேற கிச்சன் சார். பாத்திரம் வேற, கரண்டி வேற. கை மட்டும் ஒன்னுதான்" என்றேன்.

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். பக்கத்தில் இருந்த இருவரும் தள்ளிவைத்தார்கள். கிரேவி கேட்ட பெரிய அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதுதான். பன்றி ஆகாது என்றால் ஓட்டல் பன்றியும் ஆகாதுதானே? ஆகாதவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன், எனக்கே ஆகாமல்தான் இருந்தது. ஆனால் இவர்கள் ரசித்து ரசித்துத் தின்றவர்கள்! ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நாக்கில் இனித்தது, முகம் தெரியாத ஓட்டல்காரன் கையாக இருந்தவரை இனித்தது, தினம் சோறு போடுகிறவள் கை என்றதும் கசந்துவிட்டதா? இது என்ன நியாயம்?

விருந்து முடிந்ததும் அட்மின் ஆபீசர் ஜெனரேட்டர் அறைப் பக்கம் வந்தார்.

"நாளையிலேருந்து நீ வர வேணாம்மா."

"இன்னா சார் தப்பு பண்ணேன்?"

"தப்புன்னு இல்ல. நீ வெளிய வந்திருக்கக் கூடாது. இனிமே உன் கையால அவங்க எப்படிச் சாப்பிடுவாங்க?"

"நீங்களும் இங்க நின்னுகினே நாலு துண்டு துன்னீங்களே சார், உங்களுக்கு மட்டும் எப்டி எறங்குச்சு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசும்மா" என்றார்.

வெள்ளைக்காரர் அந்த வாரமே ஊருக்குக் கிளம்பிவிட்டார். எனக்காக ஆபீஸில் சத்தம் போட்டாராம். என்ன சொல்லி அவரைச் சமாளித்தார்களோ தெரியாது.

அன்று ஷேர் ஆட்டோவில் வரும்போது வீட்டில் சொல்ல ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே வந்தேன். கோழியைத் தீயவிட்டுவிட்டேன், அதனால் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். பிள்ளைப்பாக்கத்தில் இறங்கும்போதுதான் சுருக்கென்றது. நானும் அந்த ஆபீசர் செய்ததைத்தானே செய்யப்போகிறேன்? அவர் என் சமையலை ஓட்டலுக்குப் பின்னால் ஒளித்தார், நான் இரண்டு மாதமாக அதைக் கோழிக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தேன். அவர் மேல் வந்த கோபம் கொஞ்சம் என் மேலும் திரும்பியது.

வீட்டுக்காரர் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "இன்னா, அதுக்குள்ள வந்துட்ட?" என்றார்.

"வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க. இத்தினி நாளா கோழின்னு சொன்னது பொய்யி. பன்னிக்கறி செஞ்சுகினு இருந்தேன்" என்றேன்.

போட்ட ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டப்போகிறார், தெருவே கூடப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் குனிந்து ஷூ லேஸை இறுக்கிக்கொண்டே கேட்டார்.

"நல்லா வந்துச்சா?"

"கேட்டுக் கேட்டு வாங்கித் துன்னாங்க."

"அப்பறம் இன்னாத்துக்கு அழுவுற?"

அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. அவர் பன்றியை வாயில் வைக்காதவர், இன்று வரை வைத்ததும் இல்லை. ஆனால் செய்தவள் நான் என்று தெரிந்த பிறகும், நல்லா வந்துச்சா என்று கேட்டவர் நம்மவர்களில் அவர் ஒருவர்தான்.

பிறகு ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் வேலை கிடைத்தது. அங்கே சேரும்போதே பன்றிக்கறியும் நன்றாகச் செய்வேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டேன். வார்டன் அம்மா ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனாலும் சேர்த்துக்கொண்டார். தள்ளிவைத்த அந்தத் தட்டுகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை. அதனால்தானோ என்னவோ, எந்த விருந்தில் சாப்பாடு நன்றாக இருந்தாலும், பின்கட்டுக்குப் போய்ச் சமைத்தவரைக் கண்டுபிடித்து முகத்துக்கு நேராக ‘நல்லாருந்துச்சு’ என்று சொல்லாமல் என்னால் கை கழுவ முடிவதில்லை.