கொச்சங்காடிக் கோயிலில் நான் எழுதிய பொய் விலாசம்

இது 1979 ஜனவரியில் போன பயணம். அப்போது கோவையில் ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். மட்டாஞ்சேரியில் போர்ச்சுக்கீசியர் காலத்துச் சின்ன மாதா கோயில் ஒன்று, மறுமலர்ச்சிக் காலப் பாணி கெடாமல் இருக்கிறது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு எதையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

எர்ணாகுளத்தில் காலை 8.40 படகு, நாற்பது பைசா. மட்டாஞ்சேரித் துறையிலிருந்து கொச்சங்காடிக்குப் பதினைந்து நிமிட நடை. கிடங்குகளுக்கு நடுவே கோயில். முகப்பு அமர்க்களம்: அரைவட்ட வளைவு வாசல், இருபுறமும் இரண்டிரண்டு அரைத்தூண்கள், உச்சியில் முக்கோண முகடு. மாடி ஜன்னல்கள்தான் உறுத்தின. பின்பக்கம் போய்ப் பார்த்தால் மாடியே இல்லை! தாழ்ந்த ஓட்டுக்கூரைக்கு முன்னால் உயரமாக ஒரு வெறும் சுவர், ஜன்னல் வழியாக வானம். (இது அந்தக் காலத்து வழக்கம்தானாம். பிற்பாடு படித்தேன்.)

கோயிலைத் திறந்து மூடி மணியடிக்கும் கப்பியார் பெயர் அந்தோணி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கொச்சியிலேயே தங்கிவிட்ட குடும்பம். கத்தோலிக்கக் கோயில்களை இடித்துத் தள்ளிய டச்சுக்காரர்கள் காலத்தில் இது மிளகுக் கிடங்காக இருந்ததால் இடிபடாமல் தப்பியது என்றார். அதையும் நான் நம்பவில்லை. பதிவேட்டை நீட்டி, "பேரும் அட்ரஸும் எழுதணும், சாரே" என்றார். எதற்கு வம்பு என்று இல்லாத தெரு ஒன்றை விலாசமாகப் போட்டேன்.

பீடம் முழுக்க மரவேலை. இந்தப் பாணியில் இடப்பக்கம் இருப்பதெல்லாம் வலப்பக்கமும் இருந்தாக வேண்டும். இடப்பக்கம் முழ உயரச் சம்மனசு ஒன்று, அதாவது சிறகு வைத்த தேவதூதர் சிலை, வலது கையில் விளக்குடன். வலப்பக்கம் வெறும் ஆணி. எங்கே என்று கேட்டேன்.

"பெயிண்டடிக்கப் போயிருக்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

திரும்பும் வழியில் ஒரு பழம்பொருள் கடையில் அதே உயரச் சம்மனசு நின்றது, விளக்கு இடது கையில். ஜோடியேதான்! கப்பியார் விற்றுத் தின்றுவிட்டார் என்று முடிவுகட்டினேன். வெளியே சொன்னால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும். வாயை மூடிக்கொண்டு 2.15 படகில் ஏறிவிட்டேன்.

1983இல் மறுபடி போனபோது கப்பியார் வேறு ஆள். "சம்மனசை அந்தோணிச் சேட்டன் வித்துட்டார்னு வேலையிலிருந்து எடுத்தாங்க. பின்னே, முன்னாடி இங்கே வெள்ளையடிக்க வந்த ஒருத்தன் போன மாசம் வேறே கோயில்ல பிடிபட்டான். இதையும் தான்தான் எடுத்ததுன்னு ஒத்துக்கிட்டான். சம்மனசு கிட்டலை" என்றார்.

அந்தோணி வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் வாட்ச்மேன் என்று கேட்டறிந்து, படகு பிடித்துப் போனேன். என் பேரையும், அன்று கடையில் பார்த்ததையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

அவர் திட்டவில்லை. "கோயில் அச்சன்கிட்டே சொல்லப் பயந்துதான் பெயிண்டுன்னு பொய் சொன்னேன். அந்த வாரம் புக்கிலே பேரெழுதின எல்லாருக்கும் கடிதம் போட்டேன், எங்கேயாவது கண்டீங்களான்னு. உங்களுக்குப் போட்டது மட்டும் திரும்பி வந்துது. முன்னாடியே எடுத்துட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து கேட்டீங்கன்னு, நாலு வருஷமா நீங்கதான் கள்ளன்னு நினைச்சிட்டிருந்தேன், சாரே."

அன்றே இருவரும் அந்தக் கடையைத் தேடிப் போனோம். அங்கே வற்றல் மிளகாய் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

போகிறவர்களுக்கு: காலை பத்துக்குள் போங்கள், முகப்பில் வெயில் நன்றாக விழும். பின்பக்கமும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பதிவேட்டை நீட்டினால் உங்கள் சொந்த விலாசத்தை எழுதுங்கள்.