சரஸ்வதி பூசையில் சின்னதொரையின் பென்சில்

கக்கூசு எங்கே வரவேண்டும் என்பதைப் பென்சில் வைத்திருப்பவன்தான் முடிவு செய்கிறான் என்பது எனக்கு வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில்தான் தெரிந்தது.

எங்கள் தோட்டம் கோலசிலாங்கூர் பக்கம். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கலகக்காரர்களுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாதென்று, சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட உத்தரவு வந்தது. புது வீடுகளுக்குப் படம் போடும் வேலை தோட்டத்து உதவி மானேஜர் சின்னதொரைக்கு. சீமையில் கட்டடம் வரையப் படித்து, பாதியில் விட்டுவிட்டு ரப்பர் பார்க்க வந்த மனிதர். விட்ட படிப்பின் ஞாபகமாக அவரிடம் ஒரு பென்சில் இருந்தது.

ஏதோ மாளிகைத் தூணைப் பார்த்துச் செய்ததாம். உடம்பு நெடுக வரிவரியாகச் செதுக்கல், தலையில் பித்தளைக் கும்மட்டம். கொஞ்சம்தான் செய்தார்களாம், பிறகு அச்சையே உடைத்துவிட்டார்களாம். ஆபீசுக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்வார். சம்பளம் வாங்க வந்தவர்களும் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அதைச் சீவ என் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் அனுமதி. அவர் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. சவர பிளேடை வைத்துக்கொண்டு, கைக்குழந்தைக்கு நகம் வெட்டுவதுபோல் மூச்சை அடக்கிக்கொண்டு சீவுவார்.

ஒருநாள் வந்து, படத்தில் எங்கள் புது வீட்டைப் பார்த்ததாகச் சொன்னார்.

"கடைசி வீடு. காத்து நல்லா வரும்."

"காத்தோட வேற என்ன வரும்?"

தரையைப் பார்த்தார். "பக்கத்துல... பொதுக் கக்கூசு."

என் அடுப்படிச் சுவரை ஒட்டி! மொத்த லயத்துக்கும்!

"தொரைகிட்டச் சொல்லி மாத்துங்க."

"அவருகிட்டப் போயி கக்கூசப் பத்தி எப்படிம்மா பேசுறது? மரியாதையா இருக்காதுலா."

"நான் அங்க ஒக்காந்து ரசம் வைக்கிறது மட்டும் மரியாதையா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரமே சரஸ்வதி பூசை. கணக்குப் புத்தகங்கள், என் கத்தரிக்கோல், வாசல் கூட்டுகிறவள் கொண்டுவந்து வைத்த, அவள் புருசன் ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக் கத்தி எல்லாம் வரிசையாக இருந்தன. சீவுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்த பென்சிலையும் இவர் வெளியே எடுத்தார். பித்தளைக் கும்மட்டத்தைப் பார்த்ததும் கோபுரக் கலசமே வீடு தேடி வந்ததாக நினைத்தாரோ என்னவோ, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதை நடுவில் வைத்து, சந்தனம் பூசி, குங்குமமும் இட்டுவிட்டார்.

தீபாராதனை முடியவும் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"கிராணி, என் பென்சில் எங்கே?" தொரை தோட்டத்துத் தமிழ் பேசுவார். "நாளைக்குப் போலீசுக்குப் படம் கொடுக்கணும்."

இவருக்கு வேர்த்துக் கொட்டியது. பூசையில் வைத்ததை எடுத்தால் சாமி குற்றம், எடுக்காவிட்டால் வேலை போய்விடும். எனக்கு மட்டும் அதில் ஒரு வழி தெரிந்தது.

கதவோரம் நின்று சொன்னேன்: "தொரை, சாமிக்கு வச்சத விடிஞ்சுதான் எடுக்கணும். எடுத்ததும் நல்லதத்தான் போடணும். கக்கூசெல்லாம் போட்டா சாமி குத்தம்."

பூவுக்கு நடுவே பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்த பென்சிலைத் தொரை பார்த்தார். அவர் ஊரில்கூட அதற்கு யாரும் அப்படியொரு மரியாதை செய்திருக்கமாட்டார்கள். கண் கலங்கியது. சூடப்புகையாகவும் இருக்கலாம்.

"சரி. இந்தப் பென்சில் இனிமே கக்கூசு போடாது" என்று சொல்லிவிட்டு, சுண்டலை வாங்கிக்கொண்டு போனார்.

சொன்ன வாக்கு தவறவில்லை. மறுநாள் காலையில் என் கண்ணெதிரே கக்கூசை அழித்தார். எங்கள் வீட்டு வாசலில் ஒரு துளசிமாடம்கூட வரைந்து தந்தார். கக்கூசை வேறு எங்கே போடுவது என்று அவரும் யோசிக்கவில்லை, ஜெயித்த மயக்கத்தில் நானும் கேட்கவில்லை.

வீடுகள் எழுந்தன. முள்கம்பி சுற்றிவந்தது. குடிபோன அன்றே ஊர் முழுக்க ஒரே கேள்வி: "கக்கூசு எங்க?" பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், அவசரத்துக்குப் பால்மரக் காட்டுப் பக்கம் ஒதுங்கவும் வழியில்லை. சனங்கள் கொதித்தார்கள். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் படத்தை விரித்துத் தலையைச் சொறிந்தார்.

"வெறும் எடம்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, கிராணியம்மா."

என் அடுப்படிச் சுவர்! அளவு படத்தில் இல்லாததால், முதலில் போட்டிருந்ததைவிடத் தாராளமாகவே கட்டினார்கள். அன்று நான் அழுதேன். ஆத்திரத்தில்தான்.

தொரைக்கு உலு யாம் பக்கம் மாற்றல் வந்தபோது, பென்சிலை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "சாமி பென்சில். அம்மா வச்சுக்கோ."

அடுத்த சரஸ்வதி பூசைக்கு இவர் அதைத் தேடி வீட்டையே புரட்டிப்போட்டார். கடைசியில் அடுப்படியில் கண்டுபிடித்தார். கக்கூசைப் பார்த்த சன்னலின் கொண்டி வளையத்துக்குள் தாழ்ப்பாளாகச் செருகியிருந்தேன்.

"அடிப்பாவி! இதயா இங்க வச்சே? கொண்டா, நடுவுல வைக்கணும்."

"தாராளமா வைங்க. ஆனா அத எடுத்தா சன்னல் தெறந்துக்கும்."

பென்சில்மேல் வைத்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"சரி, இருக்கட்டும்லா."