யாருக்காக இந்தச் சாப்பாடு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்த லேனில் பிறிஜெற்றின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. விடியமுன் இடியப்பம் அவித்துத் துறைமுகத் தொழிலாளருக்கு விற்பவள். புருஷன் மார்படைப்பில் போனபின் ஒற்றை மகன் றொஹானை இடியப்பத்தை வைத்தே ஆளாக்கினாள். பசியென்று வந்து நிற்பவனையும் ஏசுவாள், ஏசிக்கொண்டே இரண்டு கூட வைப்பாள்.

ஆனால் அவள் உண்மையாகவே கொதித்தது இந்த வருஷம்தான். கிழக்குக் கரைக்கு ஒரு படகு வந்தது. பர்மாவில் வீடு எரிந்து, கைக்குழந்தைகளோடு கடலில் இறங்கிய முஸ்லிம் சனம். அன்றிலிருந்து நாட்டில் எல்லோரும் நீதிபதிகள். தொலைக்காட்சியில் டை கட்டியவர்கள், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள், மீன் வெட்டுகிறவன்கூட. நமக்கே மாவில்லை, மருந்தில்லை, இவர்களை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று ஒரே பேச்சு. கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து அந்தோனியார் கோயில் முற்றத்தில் நிற்கும்போது பக்கத்து வீட்டு ஷெரோமியும் அதையே தொடங்கினாள்.

“இதுகளை வைச்சிருந்தா நாளைக்கு இன்னும் பத்துப் படகு வரும், பிறிஜெற் அக்கா. திருப்பி அனுப்பத்தான் வேணும்.”

“எங்க திருப்பி? கடலுக்கா? பிள்ளையை இடுப்பில வைச்சுக்கொண்டு இதைக் கதைக்க உனக்கு வாய் கூசேல்லையா?”

ஷெரோமிக்கு முகம் சிவந்துவிட்டது. “என்னை ஏன் ஏசுறீங்க? முதல்ல உங்கட மகனுக்குச் சொல்லுங்க. லேன் வட்ஸ்அப் குரூப்பில இதை முதல் எழுதினது ஆரெண்டு பாருங்க.”

போனை நீட்டினாள். றொஹானேதான். மெல்பேர்னில் புதுக் காருக்கு முன்னால் நிற்கிற அதே படம். ‘கள்ளப் படகில் வருகிறவர்களுக்கு இரக்கம் காட்டக் கூடாது. கரையில் இறக்காமலே திருப்பி விட வேண்டும்.’ கீழே லேன் முழுக்கக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தது.

பிறிஜெற் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

இதை எழுதியவன் எதில் போனவன்? யுத்தம் முடிந்தும் இரண்டு தடவை அவனை விசாரணைக்கென்று பொலிஸார் கொண்டுபோனார்கள். இரண்டாம் தடவை வரும்போது ஒரு காது கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் நீர்கொழும்புப் பக்கமாக, மீன்பிடிப் படகொன்றில், ஆஸ்திரேலியாவுக்கென்று ஏறினான். கிழமைக்கணக்காகத் தகவலே இல்லை. பிறிஜெற் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் விழுந்து கிடந்தாள். பிள்ளை உயிரோடு இருந்தால் வருஷா வருஷம் உன் திருநாளில் லேன் முழுக்கச் சாப்பாடு போடுவேன் என்று நேர்ந்தாள். நடுக்கடலில் ஒரு கப்பல் தூக்கி, பிள்ளை தப்பினான். அந்த நாட்டுப் பேப்பர்கள் தன் மகனைப் பற்றி என்ன எழுதுகின்றன என்று, லேனில் இங்கிலீஷ் படித்த சாமினியைக் கொண்டு வாசித்துக் கேட்டாள். கள்ளன், வரிசையில் நில்லாமல் புகுந்தவன், திருப்பித் துரத்த வேண்டியவன். அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. அந்த வார்த்தைகளையே இன்று அவன் தமிழில் எழுதியிருக்கிறான்.

பின்னேரம் அவனுக்குப் போன் எடுத்தாள்.

“மம்மி, உங்களுக்கு விளங்காது. நாங்கள் உயிர்ப் பயத்தில போனனாங்கள். இவங்கள் வேற ஆக்கள்.”

“அதுகள் பின்ன ட்ரிப்பா வந்ததுகள்? எழுதினதை அழி.”

“ஏலாது. எனக்கும் ஒரு கருத்து இருக்கு.”

“கருத்தா? ஒரு நேரம் நல்லாச் சாப்பிட்டவுடன உனக்குக் கருத்து வந்திட்டுதா?”

அவன் போனை வைத்துவிட்டான். ஊரார் பேசியதை அவள் தாங்குவாள். பெற்ற பிள்ளை பேசியதைத் தாங்க முடியவில்லை. அந்த ஒரு வரியை அவன் அழிக்க வேண்டும், அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். திருநாள் வந்தது. அந்த வரி அப்படியே கிடந்தது.

அவள் வழக்கம்போலச் சமைத்தாள். மஞ்சள் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். நேர்த்திச் சாப்பாட்டுக்கு அந்த லேனில் ஒரு முறை உண்டு. யாருக்காக இந்தச் சாப்பாடு என்று போடுகிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஆமென் என்ற பிறகுதான் சட்டி மூடி திறபடும். வருஷா வருஷம் றொஹானும் வீடியோவில் வருவான். இந்த வருஷமும் ஷெரோமியின் கையிலிருந்த போனில் சிரித்துக்கொண்டு நின்றான்.

பிறிஜெற் அகப்பையோடு நிமிர்ந்தாள்.

“இந்த முறை என்ர மகனுக்காக இல்ல. படகில வந்து கிடக்கிற அந்தச் சனத்துக்காக. அதுகளை ஒருத்தரும் கடலுக்குத் திருப்பித் தள்ளக் கூடாதெண்டு. ஆமென் சொல்லுங்க.”

கட்டைவிரல் உயர்த்திய அத்தனை பேரும் சாப்பாட்டுக் கோப்பையோடு நிலத்தைப் பார்த்தார்கள். மூலை வீட்டுச் சின்னராசா இருமினார். ஷெரோமிதான் முதலில், இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தபடி, மெல்லச் சொன்னாள். பிறகு ஒவ்வொருவராக, வாய்க்குள்ளேயே சொல்லி முடித்தார்கள்.

பிறிஜெற் போனை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“நீ சொல்லேல்ல.”

“மம்மி, ஆக்கள் பார்க்கினம்.”

“பார்க்கட்டும். ஆரோ ஒரு கப்பல்காரன் பார்த்தபடியாத்தானே உன்னையும் தண்ணியில இருந்து தூக்கினவன்? அவன் பாராத மாதிரிப் போயிருந்தா?”

றொஹானின் கை கேளாத காதுக்குப் போனது. பிறிஜெற் போனை இறக்கவுமில்லை, சட்டியைத் திறக்கவுமில்லை.