மடிந்து விழாத பலகை

டெய்லர் கடையை மூடியதற்கு ஊசியின் காதுதான் காரணம். மீசை முளைத்த காலத்திலிருந்து அதில் நூல் கோத்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஊசி தெரிந்தது, காது தெரியவில்லை. கண்ணாடியை மாற்றினார், விளக்கை மாற்றினார், ஊசி செய்கிறவனைத் திட்டினார். காது திரும்பி வரவில்லை. கடைச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, அளவு டேப்பை மட்டும் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தாரா என்றால் அதுவும் இல்லை. சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். சர்க்கரை எது, உப்பு எது என்று தெரியாமல் டெய்லரம்மா காப்பியில் உப்பைப் போட்டார். டெய்லர் ஜன்னல் திரைகளை அளந்து, எல்லாம் அரை அங்குலம் இறக்கம் என்று தீர்ப்புச் சொன்னார்.

"ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும். எங்கயாவது போய் எதையாவது கத்துக்கோங்க. இல்லன்னா நான் கிளம்பிடுவேன்" என்றார் டெய்லரம்மா.

அந்த வாரம்தான் ஆற்றோரத்து நாற்காலித் தொழிற்சாலையை மூடுகிறார்கள், சாமானெல்லாம் விலைக்கு வருகிறது என்று யாரோ சொன்னார்கள். ஒரு முக்காலி வாங்கி வருகிறேன் என்று போனார் டெய்லர். போன இடத்தில் மூலையில் நின்றது ஒரு இழைப்பு மெஷின். முழுக்க வார்ப்பிரும்பு, பச்சைப் பெயிண்ட், டெய்லருக்கு அண்ணன் வயசு இருக்கும். பலகையை ஒரு பக்கம் கொடுத்தால் உருளைகள் இழுத்துக்கொள்ளும், உள்ளே சுழலும் கத்தி மேல்தோலைச் சீவும், அந்தப் பக்கம் வழவழவென்று வந்து விழும். கனத்தைக் கூட்டிக் குறைக்கப் பக்கத்தில் ஒரு சக்கரம். டெய்லர் சும்மா அதில் கை வைத்தார். அது சத்தமே இல்லாமல் உருண்டது. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார்.

மறுநாள் லாரியில் வந்து இறங்கியது இழைப்பு மெஷின். கூடவே ஒரு பட்டை ரம்பம், கைப்பிடி இல்லாத ஒரு துளை மெஷின். வாங்கப் போன முக்காலி மட்டும் வரவில்லை.

"இது என்னங்க?" என்றார் டெய்லரம்மா.

"தையல் மெஷினோட பெரியப்பான்னு வச்சுக்கோயேன்."

டெய்லரம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு ராத்திரி மனுஷன் மூன்று கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டதைக் கவனிக்கவும் செய்தார். மறுநாள் பின்னறையை அவரே ஒழித்துக் கொடுத்தார்.

டெய்லர் மண்ணெண்ணெய் ஊற்றித் துரு துடைத்தார். எண்ணெய் விடும் துளைகளைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தார். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டுக் கரண்டுக்கு ஏற்ற மோட்டார் மாட்டினார். வாசலை அளந்தார், அறையை அளந்தார், மெஷினை நாலு பக்கமும் அளந்தார். அறையின் கோடியில், சுவரை ஒட்டி, காங்கிரீட் போட்டு போல்ட்டை முறுக்கி நிறுத்தினார். நாள் பார்த்து, எட்டடிப் பலகை ஒன்றை ஹாலிலிருந்தே கொடுத்தார். மெஷின் ஆசையாக வாங்கிக்கொண்டது. ஓரடி போனது. பிறகு 'ணங்' என்று சுவரில் இடித்து நின்றது. உருளை சுற்றுகிறது, பலகை நகரவில்லை, புகை வருகிறது. டெய்லர் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தார்.

டெய்லரம்மா பலகையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "ஏங்க, எல்லாத்தையும் அளந்தீங்களே, பலகை எங்க போகும்னு அளந்தீங்களா?"

டெய்லர் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி வைத்தார். வாழ்நாள் பூராவும் மெஷினைச் சுவரை ஒட்டிப் போட்டுத்தான் தைத்தார். தைத்த துணி அந்தப் பக்கம் மடிந்து மடிந்து கீழே விழும். பலகை மடியாது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் டெய்லரைத் தவிர வேறு யாருக்கும் வராத தப்பு இது.

இரண்டு வாரம் ஓரடித் துண்டுகளாகவே இழைத்தார். "பொம்மைக்குக் கட்டில் செய்யப் போறீங்களா?" என்று டெய்லரம்மா கேட்டதும் அதுவும் நின்றது. மெஷினைத் திருப்பிப் போட இடமில்லை, காங்கிரீட்டை உடைக்க மனசில்லை. அந்தச் சுவரில் ஒரு துவாரம் போட்டால் போதும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருந்தார்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அப்பா கட்டிய சுவர் அல்ல. அப்பா காலத்துக்குப் பிறகு ஒரே வீட்டைத் தம்பிக்குப் பாதி, அக்காவுக்குப் பாதி என்று பிரித்தபோது எழுப்பிய ஒற்றைச் செங்கல் சுவர். பிரித்ததில் தண்ணீர்க் குழாய் தம்பி பக்கம் வந்தது, மொட்டைமாடிப் படிக்கட்டு அக்கா பக்கம் போனது. அக்கா குழாய் இல்லாமல் தவித்தார், தம்பி துணி காயப்போட இடமில்லாமல் தவித்தார். ஆளுக்கொன்று விட்டுக்கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். விட்டுக்கொடுத்தால் அது என்ன அந்தக் குடும்பம்? சுவர் காயும் முன்னே பேச்சு காய்ந்துவிட்டது. அக்கா டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பேசாதவர்களையெல்லாம் பேச வைத்தவர், சொந்தத் தம்பியோடு வருஷக்கணக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனைக்கும் டெய்லரைப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போனதே அந்த அக்காதான். டெய்லருக்கு அக்காவை நினைக்காத நாள் கிடையாது. ஆனால் முதலில் போய்ப் பேசுவது யார்? அவர் பிடித்த முயலுக்கும் மூன்று கால், அக்கா பிடித்த முயலுக்கும் மூன்று கால்.

தூது போனது டெய்லரம்மாதான். நாத்தனார் ஒரே பேச்சில் துரத்திவிடுவார் என்று நினைத்துத்தான் போனார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பலகை மடியும்னு நினைச்சானா?" என்று மட்டும் கேட்டார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்டிப்பாகச் சொன்னார்: "துவாரம் போட்டுக்கட்டும். ஆனா என்னைக் கேக்காம ஒரு குச்சி இந்தப் பக்கம் வரக் கூடாது."

துவாரம் ஒன்றரை அடிச் சதுரம். நடுவில் மெஷின் நிற்பதால் இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அக்காவின் இரண்டு கைகள் மட்டும்தான் தெரியும். துவாரத்துக்கு அக்கா தன் கையால் தைத்த ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தார். ஊசிக் காது தெரியாத டெய்லருக்கு, அந்தத் தையல் கோணலாகப் போவது மட்டும் அறையின் இந்தக் கோடியிலிருந்தே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். திரையை லேசாகத் தட்டினார்.

"யாரு?" என்றது அந்தப் பக்கம்.

"நான்தான்."

"நான்தான்னா?"

"பலகை அனுப்பணும்."

"பேர், ஊர் எதுவும் கிடையாதா? சரி, அனுப்பு."

பலகை போனது. பாதியில் அக்கா அதைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். கடைசிக் கோடியில் கத்தி ஒரு பள்ளம் வெட்டிவிட்டது.

"இழுக்காத! தாங்கிக்கோ, போதும். அதுவா வரும்" என்று டெய்லர் கத்தினார்.

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? வாயில என்ன ஊசியா வச்சிருக்க?"

அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. சண்டைதான், ஆனாலும் பேச்சு. முதல் பலகைகள் போனபோது ஹாலெல்லாம் மரச்சுருள் என்று அக்கா வைதார். அப்புறம் இந்த மரத்துக்கு வாசனை நல்லா இருக்கே என்றார். அப்புறம், "நேத்து அனுப்பினியே, அது எந்த மரம்? இதைவிட அது தேவலை" என்றார். இழைத்ததைத் தடவிப் பார்த்து, சரியில்லை என்றால் மெஷின் தலைக்கு மேலே திருப்பித் தள்ளுவார். "இன்னொரு தடவை போடு." தம்பி போடுவார். இரண்டாவது வாரத்தில் "அக்கா, இருக்கியா?" என்று டெய்லர் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பக்கம் திரை லேசாக விலகியது. பிறகு, "இருக்கேன், தள்ளு" என்று வந்தது. டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரத்தூள் விழுந்துவிட்டது என்று டெய்லரம்மாவிடம் சொன்னார். டெய்லரம்மாவும் பெரிய மனசு பண்ணி நம்பினார்.

ஆனால் ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்கவில்லை. எல்லாம் துவாரத்தோடு சரி. தெருவில் எதிர்ப்பட்டால் இருவருக்கும் செருப்பு வாரைச் சரிசெய்யும் வேலை வந்துவிடும்.

ஒரு நீள மேசை முடிந்தது. ஒரு கட்டில் முடிந்தது. சுவர் முழுக்க அலமாரி முடிந்தது. மரமும் முடிந்தது. மெஷினை நிறுத்தித் துணி போட்டு மூடிய மறுநாள் காலை, டெய்லருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சமையலறை டப்பாக்களை நோக்கி நடந்தார். அந்த நேரத்தில் துவாரத்தில் தட்டும் சத்தம் கேட்டது.

"டேய், இருக்கியா? என் வீட்டு அலமாரிப் பலகை ஒண்ணு மேடும் பள்ளமுமா இருக்கு. போட்டுக் குடு."

டெய்லர் பலகையை வாங்கித் தடவிப் பார்த்தார். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, நல்ல பலகை. ஆனாலும் போட்டார். அக்கா தாங்கிக்கொண்டார். அன்றைக்குப் பக்கத்துத் தெருக் கல்யாணம், அப்பாவின் மூக்குக் கண்ணாடி, முழங்கால் வலி என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். மறுநாளும் பலகை வந்தது. "இன்னும் சரியில்லை." அதற்கு மறுநாளும் வந்தது. "வலது ஓரம் லேசா தட்டுது."

"ஏங்க, இது நேத்து வந்த அதே பலகைதானே?" என்றார் டெய்லரம்மா.

"வேற, வேற" என்றார் டெய்லர்.

மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒரு தோல் உரித்தால்தான் விடும். கட்டை விரல் தடிமன் இருந்த பலகை சுண்டுவிரல் தடிமனாயிற்று. பிறகு அதுவும் குறைந்தது. கையில் எடுத்தால் ஆடுகிறது. இனி போட்டால் ஆபத்து என்று டெய்லருக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கும் அக்கா, "ஓரத்துல பிசிறு இருக்குடா" என்றார். டெய்லர் சக்கரத்தை இன்னும் கால் சுற்றுத் திருப்பினார்.

'டமார்!'

பலகை மெஷினுக்குள் சுக்குநூறானது. சில்லுகள் கூரை வரை பறந்தன. டெய்லர் குனிந்து சுவிட்சை அணைத்து, தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஒரு டம்ளர் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. "டேய்! டேய் தம்பி!" என்று ஒரு அலறல். அடுத்து தெருவில் செருப்பில்லாமல் ஓடிவரும் காலடிச் சத்தம். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அக்கா வாசலையும் ஹாலையும் தாண்டி, புது மேசையில் இடித்துக்கொண்டு, பின்னறைக்குள் வந்து நின்றார்.

"கை எங்க? கையைக் காட்டு!" தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பத்தும் இருந்தன. உடனே பயம் போய்க் கோபம் வந்தது. "அறிவிருக்காடா உனக்கு? பலகை அவ்வளவு மெலிஞ்சு போச்சுன்னு வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

டெய்லர் தலையெல்லாம் மரச்சில்லோடு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லியிருந்தா நாளைக்கு நீ பலகை அனுப்ப மாட்டியே அக்கா."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, தம்பியின் தலையிலிருந்த சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தார்.

"நாளைக்கு வேற பலகை வாங்கிட்டு வா" என்றார். "நல்ல தடியாப் பாத்து வாங்கு."