லாபத்தில் பங்கில்லாத பங்குதாரர்

லிஃப்ட் மெக்கானிக் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பாதியை ஒரு வீட்டுக்கடன் கம்பெனியின் பங்குகளில் போட்டார். உலகமே வீடு கட்டும்போது இந்தக் கம்பெனி எப்படி விழும் என்பது அவர் கணக்கு. அடுத்த வருடமே விழுந்தது. திருப்பிக் கட்ட வழியில்லாதவர்களைத் தேடிப் பிடித்துக் கடன் கொடுத்திருந்தார்கள்.

அரசாங்கம் பணம் போட்டுக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. ஒரு கண்காணிப்பாளரையும் உட்கார வைத்தது. பழைய டைரக்டர்கள் மனவருத்தத்தோடு பெரிய தொகைகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கம்பெனி தேறி, நன்றாகவே சம்பாதித்தது. லாபம் முழுவதும் கஜானாவுக்கு என்று உத்தரவு வந்தது. பங்குதாரர்களையும் சும்மா விடவில்லை; வழவழப்பான தாளில் ஆண்டறிக்கை அனுப்பினார்கள்.

வீட்டில் அவருக்கு 'முதலாளி' என்று பெயர் விழுந்தது. வைத்தவள் மனைவி.

"முதலாளி, குழாய் ஒழுகுது. கம்பெனில சொல்லி ஆள் அனுப்பச் சொல்லுங்களேன்."

அந்த வருடப் பங்குதாரர் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போனார். வாசலில் காவலாளி முதலாளியின் பையைக் குடைந்து பார்த்து உள்ளே விட்டான். மைக் கைக்கு வந்ததும் எழுந்தார்.

"அரசாங்கம் போட்ட பணம் திரும்பப் போயிருச்சுங்களா?"

"அதுக்கு மேலயே போயிருக்கு," என்றார் மேடையிலிருந்த கண்காணிப்பாளர்.

"அப்ப எங்க பங்கு?"

"பத்திரமா இருக்கு."

"கைக்கு எப்ப வரும்?"

"கைக்கு வந்தா பத்திரமா இருக்காதே."

முன்வரிசை அதிகாரிகள் கைதட்டினார்கள்.

கொதித்துப்போய் வீடு திரும்பினால், மகள் உட்கார்ந்திருந்தாள். மருமகனுக்கு வேலை போய், வீட்டுக்கடன் தவணை நின்று, வீடு ஏலத்துக்கு வரும் நிலை என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இனி பயமில்லப்பா. வேலை போனவங்க ஒரு வருஷம் தவணை கட்ட வேணாம்னு கண்காணிப்பாளர் சொல்லிட்டாராம்."

"எந்தக் கம்பெனி?"

"உங்க கம்பெனிதான். நம்ம கம்பெனிலயே கடன் வாங்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவருக்குக் கோபப்படவும் முடியவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை. எழுந்துபோய்க் குழாயை இறுக்கினார்.

அடுத்த வாரம் பங்குதாரர் சங்கச் செயலாளர் வழக்கு மனுவோடு வந்தார். லாபத்தில் பங்கு வேண்டும் என்பது முதல் கோரிக்கை. லாபத்தைக் குறைக்கும் தவணைச் சலுகை ரத்தாக வேண்டும் என்பது இரண்டாவது.

"ரெண்டாவதை எடுத்துட்டா கையெழுத்துப் போடறேன்."

"அதுலதான் சார் நம்ம கேஸே நிக்குது. கூட்டத்துல மொதல்ல எழுந்தவரே நீங்கதானே?"

"இப்ப உக்காந்துட்டேன்," என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

சங்கத்தில் அவரைத் துரோகி என்றார்கள். அவர் கையெழுத்து இல்லாமலே வழக்கு நடந்து, தோற்றது. பங்குதாரர்கள் பொறுமை காக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இதைக் கேட்டு வந்து சொல்ல வக்கீல்கள் வாங்கிய கட்டணம் பொறுமை காக்கவில்லை.

மருமகனுக்கு வேறு வேலை கிடைத்து, தவணையும் தொடங்கியது.

"பொண்ணு கட்டறா, என் கம்பெனி வாங்குது, கஜானாவுக்குப் போகுது," என்றார் மனைவியிடம்.

"இதுல உங்களுக்கு என்ன வேலை?"

"மேற்பார்வை."